கிண்ணம் கிடைத்த கதை: ஒரு திருத்தமும் சில குறிப்புகளும்

மூன்று வருடங்களுக்கு முன் இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் கிண்ணம் ஒன்றின் படம், அதற்குக் கீழே பத்துப் பதினைந்து வரிகள், அவ்வளவுதான். "குழந்தை உணவு டப்பாவுக்கு இலவசமாகக் கிடைத்த கிண்ணம், இன்னும் பளபளப்பு போகவில்லை" என்கிற தோரணையில் இருக்கும். அந்தப் பால் பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்ற ருசி, அது மேலண்ணத்தில் போய் அப்பிக்கொள்வது, நாக்கால் நெம்பி நெம்பி எடுப்பது என்று உருகியிருந்தேன். மாதக்கணக்கில் ஆவணம் தேடி நான் எழுதிய கட்டுரைகளை எல்லாம்விட அதற்குத்தான் வாசகர்கள் அதிகம். ஆளாளுக்கு அவரவர் வீட்டு டம்ளர், ஸ்பூன், ஜாடி என்று பட்டியல் போட்டு எழுதியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன பொங்கலுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, என் தங்கச்சி மகள் அந்தக் குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா முழுக்கக் கேட்டாள். பவுடர் ருசி வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். முடிந்ததும் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஓசில வந்துச்சுன்னா எழுதியிருக்கான்? நல்லா எழுதினான் போ."

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மெதுவாகப் போய்க் கேட்டேன். சொன்னாள். அதைக் கேட்ட பிறகு பழைய குறிப்பை அழித்துவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அழிக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது. அம்மா சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த மாதிரிக் குறிப்புகள் எப்படி எழுதப்படுகின்றன என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவையாவது சுற்றிவரும் வகை இது. பினாக்கா பற்பசை அட்டைப்பெட்டிக்குள் இருந்த குட்டி பிளாஸ்டிக் மிருகங்கள், கோல்ட் ஸ்பாட் மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த ஜங்கிள் புக் படங்கள், பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் சீட்டுகள், 1999 உலகக் கோப்பை சமயத்தில் ரன் கணக்கு பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிரிட்டானியா பிஸ்கட் உறைகள். பெரியவர்கள் எழுதினால் சோப்புத்தூளுக்கு வந்த பக்கெட், டீத்தூளுக்கு வந்த கண்ணாடி டம்ளர், ஜவுளிக்கடை மஞ்சப்பை. கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் காலம் இனி வருமா?

இதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வினைச்சொல். எல்லாவற்றிலும் பொருள் "கிடைத்தது", அல்லது "வந்தது". தமிழில் 'கிடை' என்பது ஒரு சௌகரியமான சொல். "எங்களுக்குக் கிண்ணம் கிடைத்தது" என்றால் கிண்ணம்தான் எழுவாய். நாங்கள் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். கொடுத்தவன் யார், அதற்கு ஈடாக யார் எதைக் கொடுத்தார்கள் என்று அந்த வாக்கியத்தில் சொல்லவே வேண்டியதில்லை. மழை கிடைத்த மாதிரி, வரம் கிடைத்த மாதிரி. நூற்றுக்கணக்கான நினைவுக்குறிப்புகளில் யாருமே எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். பற்பசை வாங்கியவர் இல்லை, பானம் வாங்கியவர் இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒருவர் நடந்திருக்கவேண்டும் அல்லவா? அவரைக் காணோம்.

அம்மா அன்று ராத்திரி ஒரு தடவைகூட "கிடைச்சுது" என்று சொல்லவில்லை. "சேத்தேன்" என்றாள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று கொசுறு. கடைக்காரர் அந்தக் காலத்தில் மனசார அள்ளிக் கொடுத்தார், இப்போது எல்லாம் வியாபாரம் என்பார்கள். கொசுறு வேறு சங்கதி. காய்காரம்மா காய் எல்லாம் நிறுத்துக் காசு வாங்கி முடிந்த பிறகு ஒரு கொத்து கறிவேப்பிலையும் இரண்டு பச்சைமிளகாயும் கூடையில் போடுகிறாள். போடவேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இன்றைக்குப் போடலாம், நாளைக்குக் கறிவேப்பிலை விலை ஏறினால் போடாமலும் விடலாம். கேட்டு வாங்கலாம், கோபித்துக்கொள்ளலாம், அடுத்த கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டலாம். முகத்துக்கு முகம் நடக்கிற விவகாரம்.

கூப்பன் அப்படி இல்லை. கூப்பனில் வாக்குறுதி முதலில் வருகிறது, சாமான் பிறகு. அதற்கு ஒரு விதி இருக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு இஃப் கண்டிஷன். பன்னிரண்டு இருந்தால் கிண்ணம். பதினொன்று இருந்தால் பூஜ்யம். பன்னிரண்டில் பதினொரு பங்கு கிண்ணம் என்று ஒன்று கிடையாது. அட்டையிடம் போய்க் "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா" என்று கேட்கவும் முடியாது. இந்தப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்தான் மொத்த ஏற்பாட்டுக்கும் உயிர்.

இந்த ஏற்பாடு பெரிய அளவில் நடந்த இடம் அமெரிக்கா. வேலை விஷயமாக ஒகையோவில் ஒன்றரை வருடம் இருந்தபோது, பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் கையில் சிக்கியது. உள்ளே பக்கம் பக்கமாகப் பச்சை ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. பாதிக்கு மேல் ஒட்டி, மிச்சம் காலி. எஸ் அண்ட் எச் கிரீன் ஸ்டாம்ப்ஸ். ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்கிற கம்பெனி 1896-ல் தொடங்கியது. கம்பெனி ஸ்டாம்பைக் கடைக்காரருக்குக் காசுக்குக் கொடுக்கும். பத்து சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரர் ஒரு ஸ்டாம்ப் தருவார். வீட்டுக்குக் கொண்டுபோய் எச்சில் தொட்டு ஒட்டவேண்டும். பக்கத்துக்கு 50, மொத்தம் 24 பக்கம், ஆக 1200 ஸ்டாம்ப் ஒட்டினால் ஒரு புத்தகம். அதாவது 120 டாலருக்கு மளிகை வாங்கினால் ஒரு புத்தகம். புத்தகங்களைக் கொண்டுபோய்ப் பரிசுக் கடையில் கொடுத்தால் டோஸ்டர், விளக்கு, போர்வை என்று கேட்லாகில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். 1960-களில் இது உச்சத்தில் இருந்தது. ஆண்டி வார்ஹோல் 1962-ல் இந்த ஸ்டாம்புகளை வரிசை வரிசையாக வரைந்து படமாகவே ஆக்கிவிட்டார். எல்லார் வீட்டிலும் இருந்தால்தானே அது படமாகும்?

இதைப் பற்றியும் அங்கே கண்ணீர் மல்க எழுதுகிறார்கள். பாட்டி வீட்டு விளக்கு, அம்மாவின் டோஸ்டர், ஸ்டாம்ப் ஒட்டி ஒட்டி நாக்கு பச்சையானது. நம்ம ஊர்க் குறிப்புகளை அப்படியே ஆங்கிலத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். இந்தக் குறிப்புகளில் வராத இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அந்த ஸ்டாம்ப் ஒட்டியவருக்குச் சொந்தமில்லை. புத்தகத்திலேயே அச்சடித்திருந்தார்கள்: இந்த ஸ்டாம்பும் புத்தகமும் யாருக்கும் விற்கப்படவில்லை, உரிமை எப்போதும் கம்பெனியிடமே. இது சும்மா போட்ட வரி இல்லை. ஒரு கம்பெனி ஸ்டாம்பை இன்னொன்றாக மாற்றித்தருகிற தரகுக் கடைகள் அப்போது இருந்தன. ஸ்டாம்ப் கம்பெனி அவர்கள்மேல் வழக்குப் போட்டு நிறுத்தியது. அது நியாயமா என்ற விவகாரம் 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மென்பொருள் ஆசாமிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. 'நீங்கள் வாங்கவில்லை, பயன்படுத்த அனுமதிதான் பெற்றிருக்கிறீர்கள்' என்று நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்துகிறோமே, அதன் கொள்ளுப்பாட்டி இந்தப் பச்சைப் புத்தகம்.

இரண்டாவது, அதைச் சேர்த்த பெண்களே அதற்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். 1966-ல் டென்வர் நகரத்தில் இல்லத்தரசிகள் சூப்பர் மார்க்கெட்டுகளைப் புறக்கணித்தார்கள். அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. விலைவாசிதான் பிரச்சினை. அந்த விலைக்குள் ஸ்டாம்ப் செலவும் பரிசு விளையாட்டுச் செலவும் ஒளிந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டு விலையைக் குறை என்று கேட்டார்கள். பதினொரு வருடம் கழித்து இங்கிலாந்தில் அதற்கு ஒரு ருசு கிடைத்தது. டெஸ்கோ 1977-ல் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப் கொடுப்பதை நிறுத்தி, மிச்சமான பணத்தை விலைக் குறைப்பில் போட்டது. ஸ்டாம்ப் இலவசமாக இருந்திருந்தால் அதை நிறுத்தியதில் பணம் எப்படி மிச்சமாகும்? கிரீன் ஷீல்டின் பரிசுக் கடைகளோ 1973-லேயே ஆர்கோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கேட்லாகை வைத்து நேரடியாகக் காசுக்கு விற்க ஆரம்பித்துவிட்டன.

நம் சட்டப் புத்தகத்திலும் இது உண்டு என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரியும். ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டத்தில் 1984-ல் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். முறையற்ற வணிகம் எது என்று அதில் ஒரு பட்டியல். விலையிலேயே முழுக்கவோ பாதியோ அடங்கிவிட்ட ஒன்றை இலவசமாகத் தருவதுபோல் தோற்றம் உண்டாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டம் போய்விட்டது. வாசகம் போகவில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆக, நாம் உருகி உருகி நினைத்துப் பார்க்கிற 80-களிலேயே, இலவசம் என்ற சொல்லைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சட்டம் எழுதினார்கள். நாம் ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

இங்கே ஒரு சின்னக் கடுப்பையும் இறக்கிவைத்துவிடுகிறேன். டம்ளர் நினைவுகளுக்கு ஹார்ட் போடுகிற அதே நண்பர்கள் குழுவில்தான், 2006-ல் கொடுத்த கலர் டிவியையும் 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியையும் பற்றி "ஓசிச்சோறு" என்று நக்கல் ஓடும். அரசாங்கமாவது "விலையில்லா" என்று ஒரு சொல்லை உண்டாக்கியது. அந்தச் சொல்லை வைத்து எவ்வளவு கேலி! இலவசத் திட்டங்கள் சரியா தவறா என்பது வேறு விவாதம், அதற்குள் போகவில்லை. கம்பெனி கொடுத்தால் நினைவுப்பொருள், ரேஷன் கார்டுக்குக் கொடுத்தால் அவமானம் என்று எப்படி ஆனது என்பதுதான் என் கேள்வி. இரண்டுக்கும் பணம் போனது நம் வீட்டிலிருந்துதான். முதலாவதில் அடுக்குப்பானையில் இருந்து போனதால் யார் கண்ணிலும் படவில்லை.

இனி என் பங்கு. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் மேடைப்பேச்சாகிவிடும்.

பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு பெரிய சில்லறை வணிகக் கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் பாயின்ட் கணக்கு வைக்கும் மென்பொருளில் வேலை பார்த்தேன். அதில் என் பொறுப்பு காலாவதி. மாசக் கடைசி ராத்திரி ஓடுகிற ஒரு ஜாப். பயன்படுத்தாத பாயின்ட்டுகளைத் தேடி எடுத்துப் பூஜ்யமாக்கும். லட்சக்கணக்கான கணக்குகளை நாற்பது நிமிஷத்தில் துடைத்துவிடும். முதலில் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. நான்தான் சரிசெய்தேன். கிளையன்ட் பாராட்டி மெயில் அனுப்பினார்கள். அதை வீட்டில் காட்டியிருக்கிறேன். மக்கள் வந்து வாங்காமல் விட்டுவிடுகிற பாயின்ட்டுக்கு அந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று பெயர். அது கம்பெனிக்கு வருமானம். பன்னிரண்டில் பதினொன்று ஒட்டி நின்றுபோன அட்டைகள்.

அந்த வேலையின்போதுதான் ஒரு ஆய்வுக் கட்டுரை வாசித்தேன். 2006-ல் ரான் கிவெட்ஸும் அவர் சகாக்களும் வெளியிட்டது. ஒரு காபிக் கடையில் அட்டை கொடுத்தார்கள், பத்து காபி வாங்கினால் ஒன்று இலவசம். பத்தை நெருங்க நெருங்க ஆட்கள் சீக்கிரம் சீக்கிரமாக வந்து குடித்தார்கள். இன்னொரு சோதனையில் ஒரு கூட்டத்துக்குப் பத்து கட்டம் உள்ள அட்டை. மற்றவர்களுக்குப் பன்னிரண்டு கட்டம், ஆனால் இரண்டில் முன்பே முத்திரை குத்தியது. இரண்டு பேரும் குடிக்கவேண்டியது பத்துதான். ஏற்கெனவே இரண்டு தாண்டிவிட்டோம் என்று நினைத்தவர்கள் அட்டையைச் சீக்கிரம் முடித்தார்கள். நம்ம ஊரில் இதைப் பாதிக் கிணறு தாண்டுவது என்பார்கள். எங்கள் டீமில் இதைப் படித்துவிட்டு, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொஞ்சம் பாயின்ட்டை முதலிலேயே போட்டுவைக்கலாம் என்று யோசனை சொன்னோம். நான் உட்பட. அது அமலானது.

அதனால் "கம்பெனிக்காரன் ஏமாற்றினான், ஜனங்கள் ஏமாந்தார்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அதில் பாதிதான் உண்மை. அம்மா தன்னை ஏமாந்தவளாகச் சொல்லவில்லை.

அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. சம்பளம் அப்பா கையில். வீட்டுச் செலவுக்கு அவர் எண்ணித் தருவதுதான். அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் செய்ததுதான். அந்தக் கூலியும் வீட்டுக்கே கரைந்துவிடும். சிறுவாடு என்பார்கள், பெண்கள் அரிசிப் பானையிலும் உளுந்து டப்பாவிலும் ஒளித்துச் சேர்க்கிற காசு. அது அவசரத்துக்கு யாராவது எடுக்கிற வரைக்கும்தான் அவர்களுடையது. கூப்பனை அப்படி யாரும் எடுக்கமுடியாது. அதை டீக்கடையில் கொடுக்க முடியாது, சீட்டாட்டத்தில் வைக்க முடியாது. அது பாத்திரமாக மட்டும்தான் ஆகும், பாத்திரம் ஆனால் அதில் அம்மா பெயர் பொறிக்கலாம். ஆணின் பார்வைக்கு அது வெறும் அட்டைத் துண்டு. அமெரிக்காவிலும் ஸ்டாம்ப் புத்தகம் வீட்டுப் பெண்ணுடைய கணக்காகத்தான் இருந்தது. "வீட்டுல இருந்த பாத்திரம் பூராம் எங்கப்பா குடுத்தது, இல்லன்னா உங்கப்பா வாங்குனது. நானா சேத்தது இது ஒண்ணுதான்" என்றாள். இந்த இடத்தில் என் விமர்சனம் எல்லாம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது.

இனி அம்மா சொன்னது.

தங்கச்சி பிறந்தது 1984-ல். எனக்கு அப்போது ஆறு வயது. பிரசவம் ஆன இடத்திலேயே ஒரு சாம்பிள் டப்பாவும் ஒரு அட்டையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் பன்னிரண்டு கட்டம். டப்பாவோடு வரும் கூப்பனை ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும். "எனக்குப் பாலு இல்லாமலா போச்சு? இருந்துச்சு. அந்த டப்பாவுல கொழுகொழுன்னு ஒரு பிள்ளை படம் போட்டிருப்பான். நம்ம பிள்ளையும் அப்பிடி வரட்டுமேன்னுதான்." ராத்திரிக்கு மட்டும் என்று ஆரம்பித்து, பகலுக்கும் ஆனது. தாய்ப்பால் கொடுப்பது குறையக் குறைய சுரப்பதும் குறையும். இரண்டு மாதத்தில் டப்பா இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. விலையோ அப்பா எண்ணித் தருகிற காசுக்குள் அடங்கவில்லை. மூன்று கரண்டி போடவேண்டிய இடத்தில் இரண்டு போட்டு, தண்ணீரைக் கூட்டியிருக்கிறாள். கோவில்பட்டியில் அந்தக் காலத்துத் தண்ணீரைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குடம் வைத்து வரிசையில் நின்று பிடித்து, நாள்கணக்கில் தொட்டியில் வைத்துப் புழங்கிய தண்ணீர்.

ஆச்சி சத்தம் போட்டிருக்கிறாள், டப்பாவை விட்டுத் தொலை, கேப்பைக் கூழ் காய்ச்சிக் கொடு என்று. அதற்குள் ஏழோ எட்டோ சேர்ந்திருந்தது. "எட்டு ஒட்டியாச்சு, இனி எப்பிடி விட?" தீப்பெட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம், குழந்தை இருக்கிற வீடு என்று, கூப்பன் ஒட்ட மட்டும் துத்தம் போடாமல் தனியாக ஒரு கரண்டிப் பசை காய்ச்சிக்கொள்வாளாம். அவ்வளவு ஜாக்கிரதை.

ஏழாம் மாதம் தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. கண் உள்ளே போய், அழக்கூட சத்தம் வராமல் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், சலைன் ஏற்றினார்கள். டாக்டரம்மா டப்பாவை நிறுத்தச் சொல்லிவிட்டார். தங்கச்சி பிழைத்தாள். இப்போது கோயம்புத்தூரில் டீச்சர். குறிப்பை வாசித்துக் காட்டியது அவள் மகள்தான். என்னிடம் இதில் நினைவாக இருப்பது, ஆச்சி வீட்டில் ஐந்து நாள் விளையாடியது மட்டும்.

இதைக் கேட்டு வந்த பிறகு தேடிப் பார்த்தேன். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை எப்படி விற்கலாம், விற்கக்கூடாது என்ற சர்வதேச விதிமுறையை உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது 1981 மே மாதம். 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அமெரிக்காவுடையது. இந்தியா 1983-ல் தனக்கு ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டது. அது நெறிமுறைதான், சட்டம் இல்லை. சட்டம் 1992-ல் வந்தது. அதன் நாலாவது பிரிவு என்னைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டது. குழந்தை உணவின் சாம்பிள் கொடுக்கக்கூடாது, கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் விற்பனைக்காக அணுகக்கூடாது. இவை எதிர்பார்த்தவைதான். அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது: பாத்திரங்களைப் பரிசாகக் கொடுக்கக்கூடாது. பாத்திரம் என்றே போட்டிருக்கிறார்கள். நாடாளுமன்றம் உட்கார்ந்து ஒரு சட்டத்தில் அந்தச் சொல்லைப் போடவேண்டிய அளவுக்கு, எத்தனை வீட்டு அடுப்பங்கரையில் எங்கள் கிண்ணம் மாதிரி ஒன்று இருந்திருக்கவேண்டும்? எட்டு வருடம் பிந்தி வந்த சட்டம். நான் அந்தப் பாத்திரத்தைத்தான் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அட்டையில் பத்து ஒட்டியிருந்தது. டப்பாவை நிறுத்தியாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி. அம்மா வாங்கினாள். அப்பாவுக்குத் தெரியாமல், லேபிள் ஒட்டின கூலியில். பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. கூப்பனை எடுத்துக்கொண்டு டப்பாவைப் பரணில் வைத்துவிட்டாள். அந்தப் பவுடரைத்தான் தினம் சாயங்காலம் எனக்கு உள்ளங்கையில் கொட்டினாள். நான் அப்படி உருகி எழுதிய ருசி அதுதான். தங்கச்சி குடித்த நாளில் எல்லாம் எனக்கு ஒரு துளி கொடுத்ததில்லையாம், கொடுக்கிற மாதிரி வீட்டில் இருந்ததில்லை.

கிண்ணத்தை பஜாரில் போய் வாங்கி வந்து பெயர் பொறிக்கக் கொடுத்தாள். தங்கச்சிக்கு அதில் ஒருநாளும் சோறு ஊட்டியதில்லை. முதலில் சாமி மாடத்தில் திருநீறு போட்டுவைத்திருந்தாள், பிறகு சில்லறைக்காசு, இப்போது தையல் ஊசியும் பட்டனும். படம் எடுப்பதற்காக அதையெல்லாம் கொட்டிவிட்டு நான்தான் துடைத்துவைத்தேன்.

பழைய குறிப்பில் "இலவசமாகக் கிடைத்த" என்பதை எடுத்துவிட்டு, "அம்மா பன்னிரண்டு டப்பா வாங்கிச் சேர்த்த" என்று திருத்தினேன். சரியா என்று கேட்கப் போன வாரம் போன் பண்ணி, திருத்தியதையும் இந்தக் கட்டுரையையும் முழுக்க வாசித்துக் காட்டினேன். அம்மா நடுவில் ஒன்றும் பேசவில்லை.

"பன்னெண்டு இல்லய்யா, பதினாலு" என்றாள். "கடைசியா வாங்குனது ரெண்டு இல்ல, நாலு. ஆஸ்பத்திரியில கெடந்த அஞ்சு நாள்ல ஒட்டியிருந்ததுல ரெண்ட எலி தின்னுருச்சு. துத்தம் போடாத பசை பாத்துக்கோ."